போகாத சாயம், போகிற ரயில்

ஒரு புடவையை விரித்துக் காட்டியதும் அவர் செய்கிற காரியம் ஒன்று உண்டு. பக்கத்தில் இருக்கும் டம்ளர் தண்ணீரில் விரலை நனைப்பார். புடவையின் ஓரத்தில் அந்த ஈரத்தை வைத்து, சட்டைப்பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து அதன் மேல் அழுத்தித் தேய்ப்பார். பிறகு, புடவை வாங்க வந்தவர்களின் கண்ணெதிரே கைக்குட்டையை விரித்துப் பிடிப்பார்.

“பாருங்க, வெள்ளை வெள்ளையாவே இருக்கு. ஃபாஸ்ட் கலருங்க. புடவை கிழிஞ்சாலும் சாயம் போகாது.”

கைக்குட்டையில் கறை பட்டுவிட்டாலும் அப்படியேதான் விரித்துப் பிடிப்பார். “இது போகுங்க. வேற பாக்கலாம்” என்று சிரிப்பார். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளி பல்லைக் கடிப்பார். ஆனாலும் திருச்சி பெரிய கடைவீதியில் அத்தனை ஜவுளிக்கடைகளைத் தாண்டிக்கொண்டு பெண்கள் அந்தக் கடைக்கு வருவது யாருக்காக என்று முதலாளிக்கும் தெரியும்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஐம்பதுகளின் கடைசியில் ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் தெருவில் நாங்கள் குடியிருந்த வீட்டில் நாலு போர்ஷன்கள், ஒரு கிணறு. பின்கட்டுப் போர்ஷனில் அவரும் அவர் அம்மாவும் இருந்தார்கள். முன்கட்டில் நானும் என் மனைவியும். நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் ஆங்கில விரிவுரையாளர். எம்.ஏ. படித்தவன். அந்தத் தெருவில் அப்போது எம்.ஏ. படித்தவர்கள் அதிகம் இல்லை. இதை இப்போது சொல்லும்போதுகூட என் குரல் கொஞ்சம் உயர்கிறது.

அவர் பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டாதவர். கடையில் பேசுகிற ஆங்கிலம் மட்டும் தெரியும். ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. “தெரியலையே, சொல்லுங்களேன்” என்பார். பஸ் கண்டக்டரிடம், தயிர்க்காரியிடம், கோயில் பட்டரிடம், என்னிடம், எல்லாரிடமும் ஒரே மாதிரி. கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயைச் சற்றே திறந்துகொண்டு காத்திருப்பார். பதில் வந்ததும் முகம் முழுக்கச் சந்தோஷம் பரவும். ஒரு மனிதனுக்கு ஒன்று தெரியாமலிருப்பது இவ்வளவு இன்பமாக இருக்க முடியுமா என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

குடிவந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அறை வாசலில் வந்து நின்றார்.

“சார், ஒரு சந்தேகம். கேக்கலாங்களா?”

“கேளுங்க.”

“போகாத சாயத்துக்கு ஃபாஸ்ட்னு சொல்றோம். வேகமாப் போற ரயிலுக்கும் ஃபாஸ்ட் பாசஞ்சர்னு போர்டு மாட்டுறாங்க. போகாததுக்கும் அதே பேரு, போறதுக்கும் அதே பேரு. இதை வச்சுக்கிட்டு வெள்ளைக்காரன் எப்படி சார் இத்தனை நாள் வியாபாரம் பண்ணினான்?”

உள்ளே சமையலறையில் என் மனைவி சிரித்தாள். கையில் இருந்த கரண்டி கீழே விழுகிற அளவுக்குச் சிரிப்பு. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை.

“அது அப்படித்தான். இங்கிலீஷ்ல நிறைய வார்த்தை அப்படி இருக்கும்” என்றேன். விடைத்தாளைத் திருத்துவது போலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

எனக்குப் பதில் தெரியாமலில்லை. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு உறுதி என்பதுதான் முதல் அர்த்தம். உறுதியாகப் பிடித்துக்கொள்வது, அசையாமல் நிற்பது. உறுதியாக, விடாமல் ஓடுவது என்பது பிற்பாடு வேகமாக ஓடுவது ஆயிற்று. சாப்பிடாமல் இருக்கிற விரதத்தை உறுதியாகப் பிடித்துக்கொள்வதாலேயே அதற்கும் அந்தப் பெயர். ஒரே வேர்தான். இதையெல்லாம் வகுப்பில் முக்கால் மணி நேரம் சொல்லக்கூடியவன் நான். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுநாள் காலையில் கிணற்றடியில் என் மனைவிக்கு அதை அவர் என்னைவிட நன்றாகச் சொல்லிவிடுவார்.

நான் பதில் சொல்லாததால் அவர் ஓய்ந்துவிடவில்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

மேலப்புதூரில் ஒரு ஆசிரியை அம்மாள், கிறிஸ்தவர், தவக்காலத்தில் கடைக்கு வந்திருக்கிறார். வழக்கம் போலப் கடைப் பையனை அனுப்பிக் குடிக்கக் கலர் சோடா வாங்கிவரச் சொல்லியிருக்கிறார் இவர். அந்த அம்மாள், “வேண்டாம், நான் ஃபாஸ்ட்ல இருக்கேன்” என்றிருக்கிறார். அவசரமாகப் போகவேண்டும்போல என்று இவர் நினைத்து, நாலு புடவைகளைச் சரசரவென்று காட்டி, அவர் தொட்டுப் பார்த்த ஒன்றைச் சட்டென்று மடித்துக் கட்டி, ரிக்‌ஷாவையும் கூப்பிட்டு ஏற்றிவிட்டுவிட்டார். அந்த அம்மாள் மெயின்கார்டு கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, “ஏங்க, நான் இன்னும் புடவையே பாக்கலையே, எதுக்கு என்னை விரட்டுறீங்க?” என்று கேட்டாராம்.

இதைக் கிணற்றடியில் நடித்துக் காட்டினார். ரிக்‌ஷாக்காரர், ஆசிரியை, முதலாளி எல்லாராகவும் அவரே மாறினார். குடத்தைத் தூக்கிக்கொண்டிருந்த என் மனைவி குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். காது மந்தமான அவர் அம்மா, “என்னடா? என்னடா?” என்று கேட்டுக்கொண்டே, காரணம் தெரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அன்றிலிருந்து ஏகாதசி வந்தால் அவர் பாடு கொண்டாட்டம். அவர் அம்மாவும் என் மனைவியும் தவறாமல் ஏகாதசி விரதம் இருப்பார்கள். “இன்னிக்கு ரெண்டு பேரும் ஃபாஸ்ட். ஆனா நடையப் பாருங்க, ரொம்ப ஸ்லோ” என்பார். அவர் கைக்கடிகாரம் எப்போதும் பத்து நிமிஷம் முந்தி ஓடும். யாராவது மணி கேட்டால் கையை நீட்டுவார். “இது ஃபாஸ்ட்டுங்க. அதாவது விரதம் இருக்கு. சாவி கொடுத்தாக்கூட வேண்டாங்குது.”

என் மனைவியை அவர் ‘தங்கச்சி’ என்பார். அவள் அவரை ‘அண்ணே’ என்பாள். அந்த இரண்டு சொற்களும் எனக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். சொற்களுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்கும் என்று நம்பும் மனம் எனக்கு அப்போது இல்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவளிடமும் ஒரு தப்பும் இல்லை, அவரிடமும் இல்லை. சந்தேகம் என்றுகூட அதைச் சொல்ல முடியாது. அவள் சிரிப்பது எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு என்று அவள் சிரித்ததில்லை. நான் சிரிக்க வைத்ததும் இல்லை. அவள் என்னிடம் பேசும்போது வாக்கியங்கள் சின்னதாக இருக்கும். “சாப்பிடுறீங்களா?” “பால்காரர் வந்தார்.” கிணற்றடியில் அவளுக்கு எங்கிருந்தோ நீளமான வாக்கியங்கள் வந்தன.

ஒரு தீபாவளிக்கு அவளுக்குப் புடவை எடுக்க அவர் கடைக்குப் போனோம். நான் பச்சையைக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எழுந்து போய் மேல் தட்டிலிருந்து ஒரு அரக்குச் சிவப்பை எடுத்துவந்து போட்டார். “சார் சொன்னது நல்ல பச்சைதான். ஆனா தங்கச்சிக்கு இது.” அவள் அதைத் தோளில் போட்டதும் கடையில் இருந்த வேறு இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவிக்கு எந்த நிறம் பொருந்தும் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. அது அவர் தொழில் என்று இப்போது புரிகிறது. தையற்காரருக்கு அளவு தெரிவது போல.

கைக்குட்டையில் தேய்த்துக் காட்டினார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

அடுத்த வாரம் அவள் கோயிலுக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம், நான் வெந்நீர் போட்டேன். கொதிக்கிற நீரில் சலவைச் சோடாவைக் கொட்டி அந்தப் புடவையை முக்கினேன். எம்.ஏ. படித்த நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சொம்பால் கலக்கிக்கொண்டு, தண்ணீர் சிவக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சிவக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சோடா போட்டேன். என் விரல்கள்தான் வெந்தன.

அவள் திரும்பி வந்து கொடியைப் பார்த்தாள்.

“ஏங்க, இது ஏன் நனைஞ்சிருக்கு?”

“கொடியிலேருந்து விழுந்துது. அலசிப் போட்டேன்.”

“பெட்டிக்குள்ள இல்ல வச்சிருந்தேன்?”

நான் செய்தித்தாளை எடுத்துக்கொண்டேன்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. என் வகுப்பில் யாரும் சிரிக்கமாட்டார்கள். தூங்குவார்கள். ஒருநாள், எனக்கே தெரியாமல், “போகாத சாயத்துக்கும் ஃபாஸ்ட், போகிற ரயிலுக்கும் ஃபாஸ்ட், வெள்ளைக்காரன் எப்படித்தான் வியாபாரம் பண்ணினானோ” என்று சொல்லிவிட்டேன். வகுப்பு முழுக்க ஓவென்று சிரித்தது. கடைசி பெஞ்சில் ஒருவன் மேசையைத் தட்டினான். அந்த மாதிரி ஒரு சிரிப்பு என் பக்கம் வந்து நான் பார்த்ததேயில்லை. அந்த வருஷம் வேறு இரண்டு வகுப்புகளிலும் அதைச் சொன்னேன். யார் சொன்னது என்று சொல்லவில்லை.

அந்த மாணவர்களில் ஒருவன் அக்காவோடு அவர் கடைக்குப் போயிருக்கிறான். ஃபாஸ்ட் கலர் என்று இவர் ஆரம்பித்ததுமே, “எங்க இங்கிலீஷ் சார் இதைப் பத்தி ஒரு ஜோக் சொல்லுவார்” என்று சொல்லிக் காட்டியிருக்கிறான். அன்று சாயங்காலம் அவர் ஒரு பொட்டலம் காராபூந்தியோடு ஓடிவந்தார். அகப்பட்டுக்கொண்டேன் என்று நினைத்தேன்.

“சார்! என் கேள்வி காலேஜுக்குப் போயிடுச்சாமே! நான் போகாத காலேஜுக்கு என் கேள்வி போயிடுச்சு சார்!”

நாலு போர்ஷனுக்கும் காராபூந்தி கொடுத்தார். தன் அம்மாவின் காதருகே குனிந்து கத்திச் சொன்னார். அவருக்கு அதில் பெருமைதான். என் மனைவி என்னை ஒருமுறை பார்த்தாள். கோபமாக இல்லை. ஒரு துணியின் ஓரத்தைத் தேய்த்துப் பார்ப்பது மாதிரி இருந்தது அந்தப் பார்வை. அன்றைக்கு அவர் என்னைத் திட்டியிருந்தால் ஒருவேளை நான் அவரை மன்னித்திருப்பேன்.

இனி அந்த அம்மாவைப் பற்றி. அவர்களுக்குச் சொந்த ஊர் மணப்பாறைப் பக்கம். புருஷன் போன பிறகு, ரங்கநாதர் இருக்கிற ஊரிலேயே கடைசிவரை இருந்துவிட வேண்டும் என்று பிள்ளையிடம் கேட்டு வந்தவர். விடியற்காலையில் விசுவரூப தரிசனத்துக்குப் போகிற முதல் ஆட்களில் அவர் இருப்பார். காது கேட்காததால் பிரபந்தம் சேவிப்பவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டே நிற்பார் என்று என் மனைவி சொல்வாள். “உள்ள கேக்குதும்மா” என்பாராம். பிள்ளையின் வேலை திருச்சியில் இருக்கும்வரைதான் அந்த அம்மாவுக்கு ஸ்ரீரங்கம். இது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ஒருநாள் மத்தியானம் அவர் கடையிலிருந்து பாதியில் வந்துவிட்டார். பஸ் நின்ற இடத்திலிருந்து ஓடிவந்திருக்க வேண்டும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என் அறையில் வந்து, நான் உட்காரச் சொல்வதற்கு முன்பே தரையில் உட்கார்ந்தார்.

“சார், பம்பாய் மில்லோட மதராஸ் ஆபீஸ் மேனேஜர் கடைக்கு வந்தார் சார். வெள்ளைக்காரர். நான் கைக்குட்டையில தேய்க்கிறதை நின்னு பாத்தார். அவங்க மில்லுத் துணியே ஒண்ணு சாயம் விட்டுச்சு. அதையும் விரிச்சுக் காட்டிட்டேன். முதலாளி கண்ணாலேயே என்னைக் கொன்னுட்டார். துரை விழுந்து விழுந்து சிரிக்கிறார் சார்! அப்புறம் கூட வந்த குமாஸ்தாவை விட்டு என்னைத் தனியாக் கூப்பிட்டார். இந்த ஜில்லாவுக்கு அவங்களுக்கு ஒரு ஆள் வேணுமாம். திருச்சியிலயே இருக்கலாமாம். வர்றியான்னு கேட்டாங்க.”

“நல்லதாப் போச்சு” என்றேன்.

“அம்மாவை இங்கேருந்து எங்கேயும் நகத்த வேண்டியதில்ல சார். அதான் எனக்கு. ஆனா ஒரு சந்தேகம். குமாஸ்தா முன்னாடியே போய்க் கார்ல உக்காந்துட்டார். துரை ஏறும்போது என் தோளைத் தட்டி இங்கிலீஷ்ல என்னமோ சொன்னார். ‘ஸ்டாண்ட் ஃபாஸ்ட்’னார். அது நல்லாக் கேட்டுச்சு. அப்புறம் ஏதோ சொல்லிக் கடைசியில ‘வேர்டு’ன்னு முடிச்சார். கார் போயிடுச்சு.”

ஸ்டாண்ட் ஃபாஸ்ட் டில் ஐ ஸெண்ட் வேர்டு. விட்டுப்போன சொற்கள் எல்லாம் வரிசையாக வந்து என் மனசில் நின்றன. நான் சொல்லி அனுப்பும்வரை இருக்கிற இடத்திலேயே அசையாமல் இரு. இதில் குழப்பத்துக்கு இடமே இல்லை.

“ஸ்டாண்டுன்னா நில்லு. சரிங்க. இது எந்த ஃபாஸ்ட் சார்? சாயம் ஃபாஸ்டா, ரயில் ஃபாஸ்டா?”

முப்பது வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவ்வளவு சரியான கேள்வியை என் மாணவர்கள் யாரும் கேட்டதில்லை. வாயைச் சற்றே திறந்துகொண்டு காத்திருந்தார்.

என் மனைவி காப்பியோடு வந்தாள். டம்ளரை முதலில் அவரிடம் நீட்டினாள். வீட்டுக்கு வந்தவர், அதுதான் முறை. “அண்ணே, மில்லுக்காரர் ஆயிட்டா எங்களை மறந்துடாதீங்க” என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்திருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அந்த முகம் எனக்குத் தெரிகிறது. எனக்கு வேலை உறுதியான அன்றைக்கு அவள் முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

“ரயில்” என்றேன்.

“அப்ப சீக்கிரமா வந்து நில்லுன்னா சார்?”

“ஆமா.”

அந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் எவ்வளவோ இடம் இருந்தது. நான் திருத்திச் சொல்லியிருக்கலாம். அன்று ராத்திரி சொல்லியிருக்கலாம். மறுநாள் காலையில் அவர் கிணற்றடியில் பல் விளக்கும்போது சொல்லியிருக்கலாம். சாயந்திரம் அவர் தகரப் பெட்டியோடு மதராஸ் ரயிலைப் பிடிக்கக் கிளம்பும்போது, “உங்க வார்த்தைய நம்பித்தான் போறேன் சார். போயிட்டு வரேன்” என்றார். “போயிட்டு வாங்க” என்றேன்.

அதற்குள் அவர் முதலாளியிடம் சொல்லிவிட்டிருந்தார். மில்லுக்காரர் தன் ஆளைத் தன் கடையிலேயே வந்து கொத்திக்கொண்டு போகிறார் என்று முதலாளிக்கு ஆத்திரம். “போ. ஆனா மறுபடி இந்தப் படி ஏறாதே” என்றாராம். கையோடு மில்லின் மதராஸ் ஆபீசுக்கு டிரங்கால் போட்டு, இனி உங்கள் சரக்கே வேண்டாம் என்று கத்தியிருக்கிறார். முதலாளி அந்த மில்லுக்குப் பெரிய வாடிக்கை. துரையோ சுற்றுப்பயணம் முடிந்து இன்னும் ஆபீஸ் திரும்பியிருக்கவில்லை. இவர் அங்கே போய் நின்றபோது, அந்த வேலை என்ற பேச்சே முடிந்துபோயிருந்தது. கொஞ்ச நாள் இவர் வாயைத் திறக்காமல் கடையில் இருந்திருந்தால், துரை முதலாளியிடம் பக்குவமாகப் பேசி அழைத்துக்கொண்டிருப்பார். அதற்காகத்தான் இருக்கிற இடத்தில் இரு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் திரும்பி வந்த அன்று நேரே தன் போர்ஷனுக்குப் போகவில்லை. பெட்டியோடு என் வாசலுக்குத்தான் வந்தார். முகத்தில் ரயில் கரி அப்பியிருந்தது. கண்கள் உள்ளே போயிருந்தன. நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, அந்த நிலையிலும் அவர் சிரித்தார்.

“சார், அது ரயில் இல்ல சார். சாயம்! ஹெட் கிளார்க் சொன்னார். சாயம் மாதிரி ஒட்டிக்கிட்டு நின்ன இடத்துல நில்லுன்னு அர்த்தமாம்.”

என் மனைவி கதவருகே நின்றிருந்தாள். என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

“உங்களுக்குத் தெரியாதா?”

ஒரு வாசல் திறந்திருந்தது. தெரியும் என்று சொன்னால் நான் என்ன மனிதன் என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும். தெரியாது என்றால் என் படிப்பு போய்விடும். எது எனக்குப் பெரிய நஷ்டம் என்று அந்தச் சமயத்திலும் நான் கணக்குப் பார்த்தேன்.

“தெரியாது” என்றேன்.

அதற்கு முன் என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து யாரும் கேட்டதில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை சூடாக இருந்தது.

“தங்கச்சி, கேட்டீங்களா? சாருக்கும் தெரியாதாம்! அவரைப் போய் ஏன் கேக்குறீங்க. ஒரு மனுஷன் எத்தனை வார்த்தையத்தான் ஞாபகம் வச்சுக்க முடியும்? சார், நான் உங்ககிட்ட இத்தனை நாள் கொஞ்சம் பயந்துக்கிட்டேதான் பேசுவேன். இன்னிக்கு எனக்கு என்னமோ நீங்க கூடப் பிறந்தவர் மாதிரி இருக்கு.”

அவர் மனசாரச் சொன்னார். வேலை போய் வந்த மனிதர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

பெரிய கடைவீதியில் வேறு யாரும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. முதலாளிக்கு எல்லாக் கடைகளிலும் பேச்சு இருந்தது. கொஞ்ச நாள் சைக்கிளில் துணி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். கடனுக்கு எடுத்த மட்டச் சரக்கு. வீடு வீடாகப் போய், கைக்குட்டையில் தேய்த்து, “இது போகுங்க” என்று சொன்னால் யார் வாங்குவார்கள்? சொல்லாமலிருக்கவும் அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் மணப்பாறையில் இருந்த தாய்மாமன் வீட்டோடு போய்விடுவது என்று முடிவாயிற்று.

அறுபதுகளின் நடுவில் அவரை இன்னொரு முறை பார்த்தேன். திண்டுக்கல் போகிற பஸ் மணப்பாறையில் நின்றது. மாட்டுச் சந்தை நாள். புளியமரத்தடியில் துப்பட்டி விரித்துத் துணி விற்றுக்கொண்டிருந்தார். முன்னால் நின்ற பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இறங்கிப் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அந்தச் சிரிப்புச் சத்தம் பஸ்ஸுக்குள் வந்ததும், உள்ளே பழைய புழு நெளிந்தது. எல்லாம் போன பிறகும் இவரால் முடிகிறதே என்று. உட்கார்ந்து செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிரித்துக்கொண்டேன். அவ்வளவுதான். என் மனைவியிடமும் கடைசிவரை சொல்லவில்லை. அவள் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அவர்கள் ஸ்ரீரங்கத்தை விட்டுப் போன நாளைச் சொல்லி முடிக்கிறேன். சாமான் அதிகமில்லை. ஒரு ஜட்கா போதுமானதாக இருந்தது. அவர் அம்மாவைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, ஒவ்வொரு போர்ஷனாகப் போய்ச் சொல்லிக்கொண்டார். என்னிடம் வந்து, “சார், அந்த வார்த்தைக்குப் புதுசா ஏதாவது அர்த்தம் அகப்பட்டா எழுதுங்க” என்றார். முகவரி கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜட்கா நகர்ந்தது. தெருவில் எல்லாரும் வண்டியைப் பார்த்தார்கள். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தோள் குலுங்கியது. எவ்வளவு அழுகிறாள், எவ்வளவு நேரம் அழுகிறாள் என்று, பரீட்சைத் தாளில் மார்க் போடுகிறவனைப் போல நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வண்டிச் சத்தம் அடங்குகிறவரைக்கும் என் கண்ணை அவள் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

சாப்பாடு போடும்போது என்னால் அடக்க முடியவில்லை.

“அப்படி என்ன அழுகை?” என்றேன்.

அவள் சாதம் வைத்த கையை நிறுத்தினாள். என் கேள்வி அவளுக்குப் புரியவில்லை.

“அந்தம்மா, தெரு முனை திரும்புற வரைக்கும் கோபுரத்தையே திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டுப் போனாங்களே. அண்ணன் கைய வச்சு அவங்க முகத்தைத் திருப்பிவிட்டார். மறுபடியும் திரும்பினாங்க. அங்கதானே நின்னீங்க, நீங்க பாக்கலையா?”

நான் பார்க்கவில்லை.